படுத்தால் 102, நின்றால் 125

ஜூன் 24, திங்கள்

பல் தேய்க்கும்போது நாடித் துடிப்பு 121. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராத்திரி நன்றாகத்தான் தூங்கினேன். கெட்ட கனவு இல்லை. ஓடவில்லை, பயப்படவில்லை, யாரோடும் சண்டை இல்லை. அப்புறம் ஏன்.

ஆக்ஸிமீட்டர் கொரோனா சமயத்தில் மாமாவுக்கு வாங்கியது. மாமா போய்விட்டார். அது பீரோவில் கிடந்தது. இப்போது என் பையில், சீப்புக்குப் பக்கத்தில்.

ஜவுளிக்கடை வேலையில் பத்து மணிக்கு 116. சாப்பிட்ட பிறகு 130. ஒரு தட்டு சோறு சாப்பிட்டதற்கு 130.

ராத்திரி படுத்துக்கொண்டு பார்த்தேன். 103. சும்மா படுத்திருக்கிறேன்.

ஜூன் 25, செவ்வாய்

லீவு. துணி காயப்போட மாடிக்குப் போனேன். கையைத் தலைக்கு மேல் தூக்கினாலே எகிறுகிறது. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை கீழே இருந்து கூப்பிடுகிறார். பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

"வெயில்தான்" என்றார் அத்தை. மணி காலை ஏழு.

ராத்திரி என் கணவர் கேட்டார், "வலிக்குதா?" வலி இல்லை. வலி என்றால் சொல்லிவிடலாம். இது அடிக்கிறது. கழுத்தில், காதுக்குள், ஒருக்களித்துப் படுத்தால் தலையணைக்குள்.

"வலி இல்லேல்ல? அப்ப ஒண்ணுமில்ல."

திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டார். அவர் மேல் கோபம் இல்லை. கோபம்தான்.

ஜூன் 27, வியாழன்

ரிசல்ட் வந்தது. தைராய்டு 2.1. ரத்தம் 12.6. சர்க்கரை இல்லை. ஈசிஜி தாளின் மேலே மெஷினே அடித்திருக்கிறது: சைனஸ் டாக்கிகார்டியா, 114. துடிப்பு புறப்பட வேண்டிய இடத்தில்தான் புறப்படுகிறது, போக வேண்டிய வழியில்தான் போகிறது, வேகம் மட்டும் கூட. டாக்டர் அப்படித்தான் சொன்னார். "டென்ஷனைக் குறைங்கம்மா. ஒண்ணுமில்ல."

பஸ்ஸில் அழுகை வந்தது. தைராய்டாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பட்டு செக்‌ஷன் அக்காவுக்குத் தைராய்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். எனக்கும் அது இருந்திருக்கலாம்.

ஜூன் 30, ஞாயிறு

கூட்டம். ஆடி ஆஃபர் இப்போதே போட்டுவிட்டார்கள். காட்டன் பக்கம் நகர இடமில்லை. ஒரு கல்யாண வீட்டு ஆட்கள், அறுபது புடவையாவது விரித்திருப்பேன். குனிந்து எடுத்து, நிமிர்ந்து விரித்து, தோளில் போட்டுக் காட்டி, மறுபடி குனிந்து. நிமிரும்போதுதான் அடிக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்து போகிறது.

கவுண்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறது. 2021இல் சட்டமே வந்தது, கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி தர வேண்டும் என்று. அன்று நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஸ்டூல் வந்தது. அதன் மேல் சுங்குடிக் கட்டு. கட்டை எடுத்துக் கீழே வைத்தால் யாராவது மறுபடி வைத்துவிடுகிறார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. இடம் இல்லை.

பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். 141.

ஜூலை 2, செவ்வாய்

ஹார்ட் டாக்டர். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். கணவர் பர்மிஷன் போட்டுக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை, அவராக வந்தார்.

எக்கோ. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள் அந்தப் பெண். ஜெல் சில்லென்று இருந்தது. ஸ்கிரீனை என் பக்கம் திருப்பியே வைத்திருந்தாள். வால்வு திறந்து திறந்து மூடுகிறது. ஒரு நொடி சும்மா இல்லை. பாவமாக இருந்தது. என் மேல் இல்லை, அதன் மேல்.

எக்கோவும் நார்மல்.

இந்த டாக்டர் நிறையக் கேட்டார். காபி எத்தனை டம்ளர்? எடை குறைந்ததா? கொரோனா வந்ததா? ராத்திரி வேர்க்கிறதா? தலைவலியோடு சேர்ந்து வருகிறதா? இருமல் மருந்து, நாட்டு மருந்து, மூக்கடைப்புக்கு மாத்திரை ஏதாவது? "இது ஒரே டெஸ்ட்ல தெரியுறது இல்லம்மா. என்னென்ன காரணமா இருக்கலாமோ அதையெல்லாம் ஒவ்வொண்ணா இல்லன்னு பார்த்துக்கிட்டே வரணும்."

அவர் வாயில் ஒண்ணுமில்லை என்ற பேச்சே வரவில்லை.

ஜூலை 4, வியாழன்

ஹோல்டர் மாட்டியிருக்கிறது. நெஞ்சில் ஸ்டிக்கர், ஒயர், இடுப்பில் பெட்டி. மேலே கடை யூனிஃபார்ம் புடவை. முந்தானையை இழுத்து இழுத்துச் சொருகினேன். குளிக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க இதோடு. என்ன செய்கிறேன், எப்போது படபடப்பு, எல்லாம் தாளில் எழுத வேண்டும். இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

9.40 பஸ் ஏறினேன். படபடப்பு.
11.15 மேல் தட்டிலிருந்து கட்டு இறக்கினேன். படபடப்பு, தலை சுற்றல்.
1.30 சாப்பாடு. படபடப்பு.
2.10 சும்மா நிற்கிறேன். படபடப்பு.
5.00 டீ குடிக்கவில்லை. ஆசையாக இருந்தது.
8.45 ஃப்ளோர் அண்ணன் ஸ்டாக் குறைகிறது என்று எல்லோரையும் சத்தம் போட்டார். என்னைத் தனியாக இல்லை. படபடப்பு இல்லை!

அதுதான் ஆச்சரியம். திட்டு வாங்கும்போது சாதாரணமாக இருக்கிறது. சும்மா நிற்கும்போது ஓடுகிறது. டென்ஷன் என்று சொன்னவர்களுக்கு இந்தத் தாளைக் காட்ட வேண்டும்.

ஜூலை 5, வெள்ளி

கழற்றிக் கொடுத்தாயிற்று. ஸ்டிக்கர் ஒட்டின இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது. பாப்பா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். "உள்ள என்ன எழுதியிருக்கும்மா?" தெரியாது செல்லம், டாக்டர் படித்துச் சொல்வார். "தப்பு ஏதாச்சும் கண்டுபிடிச்சா நல்லதா, கெட்டதா?"

பதினோரு வயசுக்கு இந்தக் கேள்வி.

ஜூலை 9, செவ்வாய்

யூரின் டெஸ்ட். ஒரு நாள் முழுவதும் போவதை எல்லாம் ஒரே கேனில் பிடிக்க வேண்டும், கேன் சில்லென்று இருக்க வேண்டும். சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியில் கட்டி இருந்தாலும் இப்படி அடிக்குமாம். அபூர்வம்தான், ஆனால் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜில் வைக்க அத்தை சம்மதிக்கவில்லை. நியாயம்தான், சாமிக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறார். வாளியில் ஐஸ் வாங்கிப் போட்டு, கேனை உள்ளே வைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். மாடி வீட்டுக்காரர் பார்த்துவிடுவாரோ என்று நாள் முழுக்க வெட்கம். கட்டி என்ற சொல் வேறு மண்டைக்குள். மத்தியானம் 127, சாயங்காலம் 119.

அத்தை ராத்திரி அவராகவே ஐஸ் மாற்றினார். ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 11, வியாழன்

தூக்கம் இல்லை. 2.20. 98.

தவளை நினைவு வந்தது. பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், விலங்கியல் லேப். இதயத்தை வெட்டி வெளியே எடுத்து உப்புக் கரைசலில் போட்டார் மேடம். அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது. உடம்பு இல்லை, மூளை இல்லை. அப்புறம் சூடான கண்ணாடிக் குச்சியால் சைனஸ் வீனோசஸைத் தொட்டுக் காட்டினார். வேகம் கூடியது. கீழ் அறையைத் தொட்டபோது அப்படிக் கூடவில்லை. தாளம் எங்கே பிறக்கிறது என்று கண்ணால் பார்த்தோம். பெஞ்சில் எல்லோரும் வாயைப் பிளந்து நின்றோம். பரீட்சையில் அது வந்தது, எனக்கு முழு மார்க்.

போனில் தேடிப் படித்தேன். மனுஷ இதயத்தில் அந்த இடத்தைக் காட்டித் தந்தவர்கள் இங்கிலாந்தில் இரண்டு பேர். ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக். 1907இல் வெளியிட்டார்கள். ஃப்ளாக் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பையன். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் ஒரு சின்ன விலங்கின் இதயத்தைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தானாம். கீத் சைக்கிளில் போய்விட்டு வீடு திரும்பியதும் ஓடிவந்து காட்டினானாம்.

இன்னொன்றும் படித்தேன். நரம்பு எதுவும் சேராமல் தனியாக விட்டால் மனுஷ இதயம் நிமிஷத்துக்கு ஏறத்தாழ நூறு அடிக்கும். மாற்று இதயம் வைத்தவர்களுக்கு அதனால்தான் வேகம் அதிகம். மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்புதான் அதைப் பிடித்து எழுபதில் வைக்கிறது. மூக்கணாங்கயிறு. எல்லோருக்கும் அது இருக்கிறது, இருப்பதே தெரியாமல் நடமாடுகிறார்கள். என் கயிறு எங்கே தளர்ந்தது?

மூன்று மணிக்கு 96. இத்தனை படித்ததில் கொஞ்சம் நிம்மதி.

ஜூலை 12, வெள்ளி

கட்டி இல்லை. கார்ட்டிசால் சரி. இரும்புச் சேமிப்பு சரி. ஹோல்டர்: சராசரி 101, அதிகபட்சம் 158, குறைந்தது 74, அதிகாலை 3.40க்கு. அந்த 74ஐ எனக்குத் தெரியவே தெரியாது. அப்போது தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

படுக்கவைத்து, எழுப்பி நிற்கவைத்து, பத்து நிமிஷம் பார்த்தார்கள். சாயக் கூடாது, காலை ஆட்டக் கூடாது. படுத்தால் 102, நின்றால் 125. நிற்கும்போது முப்பது ஏறினால் வேறு பெயராம். எனக்கு இருபத்துமூன்று.

என் பெயர்: இனாப்ரோப்ரியேட் சைனஸ் டாக்கிகார்டியா. சும்மா இருக்கும்போதே நூறுக்கு மேல், ஒரு நாள் சராசரி தொண்ணூறுக்கு மேல், வேறு எந்தக் காரணமும் கிடைக்கவில்லை, ஆளுக்குத் தொந்தரவு இருக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் அது.

"எதனால டாக்டர்?"

"துடிப்பு பிறக்கிற கணு தானாவே வேகமா இருக்கலாம். நரம்போட பிடி குறைஞ்சிருக்கலாம். உங்களுக்கு எதுன்னு தெரியலம்மா. உயிருக்கு ஆபத்து இல்ல. ஆனா உங்க கஷ்டம் நிஜம்."

கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

மெட்டோப்ரோலால் 25.

ஜூலை 14, ஞாயிறு

88! கடையில், நின்றுகொண்டு, 88. பட்டு செக்‌ஷன் அக்காவிடம் காட்டினேன். அவள் விரலிலும் மாட்டிப் பார்த்தாள், 76. "நீ இன்னும் என்னைத் தாண்டித்தாண்டி போற" என்றாள். சிரித்தோம்.

கால் மட்டும் கனக்கிறது. விரல் சில்லிட்டிருக்கிறது. பரவாயில்லை. 88.

ஜூலை 17, புதன். ஆடி 1

ஸ்டாக் ரூமில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, விழுவதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அட்டைப்பெட்டி வாசனை. காதில் ஒரே இரைச்சல். அக்கா சர்பத் வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பக்கத்து மெடிக்கலில் பிரஷர் பார்த்தார்கள். 86க்கு 58.

இதயத்தைப் பிடித்தால் பிரஷர் இறங்குகிறது. விட்டால் ஓடுகிறது.

பாதி நாளோடு அனுப்பிவிட்டார்கள். ஆடி முதல் நாள். சம்பளம் பிடிப்பார்களா தெரியவில்லை. கேட்க வாய் வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

மாத்திரை மாறியது. இவாப்ரடின், காலையும் ராத்திரியும். நெஞ்சுவலிக்காரர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் வந்த மருந்து, என்னைப் போன்றவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கிறார்களாம். துடிப்பு பிறக்கிற கணுவில் மட்டும் வேலை செய்யும், பிரஷரைத் தொடாது. அந்தத் தவளையில் கண்ணாடிக் குச்சி வைத்த இடம். உப்பும் தண்ணீரும் கூடச் சேர்க்கச் சொன்னார். காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ். இந்த வெயிலில்.

"இன்னொரு குழந்தை யோசனை இருக்கா? இருந்தா இந்த மாத்திரை கூடாது."

இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் வெளியே பில் கட்ட நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்கவில்லை. என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னேன். "சரி" என்றார். கொஞ்ச தூரம் போய், "பாப்பா போதும்" என்றார். திருவானைக்காவல் வரும்வரை வேறு பேச்சு இல்லை.

ஜூலை 22, திங்கள்

அத்தைக்காகப் போனேன். நாடி பார்க்கிறவர், வயசானவர். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வாதம், பித்தம், கபம். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை கையை. பித்த நாடி ஓங்கி நிற்கிறது என்றார். மருதம்பட்டைக் கஷாயம் சொன்னார். ஹார்ட் டாக்டரைக் கேட்காமல் குடிக்கமாட்டேன் என்று நான் சொன்னதற்குக் கோபப்படவில்லை. "கேட்டுட்டே குடிம்மா."

அந்த விரல்கள். இத்தனை நாளும் எல்லோரும் மெஷினைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள். இவர் என்னைத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தை மல்லிகைப்பூ வாங்கிக்கொடுத்தார், காரணம் சொல்லாமல்.

109.

ஜூலை 24, புதன்

கண்ணில் வெளிச்சம். ஸ்டாக் ரூம் இருட்டிலிருந்து ஃப்ளோருக்கு வந்ததும் ஓரத்தில் பளீரென்று ஒரு வட்டம். ஜரிகை எல்லாம் கூடுதலாக மின்னுகிறது. பயந்து போன் பண்ணினேன். இந்த மாத்திரைக்கு அப்படி வருமாம். துடிப்புக் கணுவில் இந்த மாத்திரை வேலை செய்கிற நுண்கதவின் உறவுக் கதவு ஒன்று கண்ணின் விழித்திரையிலும் இருக்கிறதாம். தொடர்ந்தால் பெரும்பாலும் குறைந்துவிடும், ராத்திரி வண்டி மட்டும் ஓட்ட வேண்டாம் என்றார் நர்ஸ்.

எனக்கு வண்டியே இல்லை.

ஒரு கஸ்டமருக்கு அரக்கு சாஃப்ட் சில்க் விரித்தேன். பார்டரைச் சுற்றி வெளிச்சம். இவ்வளவு அழகாக ஒரு புடவையை நான் பார்த்ததில்லை. அந்த அம்மா வாங்கவில்லை.

ஜூலை 27, சனி

மோசம். 1.10க்கு முழிப்பு. 128. எதுவும் இல்லை, அப்படியே 128. நின்றுவிடுமோ. இத்தனை வேகமாக ஓடும் எதுவும் ஒரு நாள் நிற்கத்தானே வேண்டும். டாக்டர் ஆபத்து இல்லை என்றார். ஆபத்து இல்லை. ஆபத்து இல்லை. பாப்பா ரூமில் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவள் மூச்சோடு என் மூச்சைச் சேர்த்து விட்டுப் பார்த்தேன். சேரவில்லை.

படித்தேன், தூங்காமல். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்தபின் 1871இல் டா கோஸ்டா என்ற டாக்டர் சிப்பாய்களைப் பற்றி எழுதியிருக்கிறார். படபடப்பு, மூச்சு வாங்குதல், கொஞ்சம் வேலை செய்தாலே அசதி. சோதித்தால் இதயத்தில் பெரிதாகக் குறை தெரியாது. நூற்றுக்கணக்கான பேர். அவர்களில் ஒருவனாவது இப்படி ராத்திரியில் விரலை மணிக்கட்டில் வைத்து எண்ணியிருப்பான். அவனிடம் கடிகாரம் இருந்ததோ என்னமோ.

3.30. 104. போதும், தூங்கு.

ஜூலை 28, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. தலை பாரம். 99, 112, 107.

ஜூலை 30, செவ்வாய்

மேட்டூர் 120 அடி. டிவியில் அதுதான். அவர் பாப்பாவைக் காவிரிப் பாலத்துக்குக் கூட்டிப்போனார், நானும் போனேன். கரை தெரியாமல் தண்ணீர். ஊரே பாலத்தில் நிற்கிறது. காற்று.

வேக வேகமாக நடந்துவிட்டேன், கவனிக்காமல். அப்புறம்தான் பையிலிருந்து எடுத்து மாட்டினேன். 108. நடந்ததற்குப் பிறகு 108! வேறு யாருக்கும் இது சந்தோஷமாக இருக்காது.

அவர் விரலை நீட்டினார். 90. "எனக்கும் ஓடுது பாரு" என்றார். முதல் தடவையாக அவராகக் கேட்டார், "உனக்கு எப்பவும் இப்படித்தான் இருக்குமா, உள்ள?" இதைவிட அதிகமாக என்றேன். பாலம் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டத்தில். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

சுங்குடிக் கட்டை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே விரித்தேன். ஒரு பெரியம்மா, "என்ன பொண்ணு, உட்கார்ந்துக்கிட்டே காட்டுற?" என்றார். உடம்பு சரியில்லம்மா என்றேன். மேலும் கீழும் பார்த்தார். பார்த்தால் என்ன தெரியும். கட்டு இல்லை, ரத்தம் இல்லை, இருமல் இல்லை. கன்னம் சிவந்து ஆள் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஃப்ளோர் அண்ணன் வந்தார். "என்னம்மா?" இதயம் வேகமா அடிக்குதுண்ணே. "எனக்கும்தான் அடிக்குது, ஆடி மாசத்துல." அவர் சும்மா சொன்னார். எழுந்துவிட்டேன்.

எழுந்திருக்கக் கூடாது. நாளைக்கு எழமாட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

எழுந்தேன். கூட்டம். 126.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

அம்மா மண்டபம். விடியும் முன்னாலேயே கிளம்பிவிட்டோம். கடைக்கு மதியம் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. தண்ணீர் நுரைத்துக்கொண்டு போகிறது. அத்தை பாப்பாவின் கையை விடவே இல்லை.

மற்ற வருஷம் நான்தான் எல்லோருக்கும் கயிறு கட்டிவிடுவேன். இந்த வருஷம் படியில் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் என்னிடம் வந்து குனிந்து கட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா, அவர் மருமகள், யாரோ தெரியாத ஒரு பெண்கூட. உட்கார்ந்து கட்டினாலும் முடிச்சு விழுகிறது.

காவிரியிடம் என்ன வேண்டினேன் என்று எழுதமாட்டேன். எண்பது.

எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

லீவு நாள். நன்றாகத் தூங்கினேன். மாத்திரை போட்டேன். தண்ணீர் குடித்தேன். உப்பு சேர்த்தேன். 119.

ஏன். ஏன். ஏன்.

சாம்பார் தாளிக்கும்போது அழுதேன். வெங்காயம் அப்போது நறுக்கி முடித்தாகிவிட்டது, சாக்கும் இல்லை. பாப்பா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஆக்ஸிமீட்டரைக் காணோம். "நான் ஒளிச்சு வெச்சுட்டேன். சாயங்காலம் தர்றேன்." கத்தினேன் அவளை. கொண்டுவந்து கொடுத்தாள். முகம் சிறுத்துப் போனது.

நானே அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். சாயங்காலம்வரை பார்க்கவில்லை. அடித்துக்கொண்டுதான் இருந்தது, எண் தெரியாமல். எண் தெரியாமல் இருப்பது இன்னும் கஷ்டமா, சுலபமா? காலையில் கஷ்டம். மூன்று மணிக்குமேல் அதை மறந்து அவளோடு கேரம் ஆடினேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

டாக்டரிடம் லெட்டர் வாங்கி வந்து கொடுத்தேன், மேனேஜரிடமே. நீண்ட நேரம் நிற்கும் வேலை கூடாது, உட்கார அனுமதி வேண்டும். கீழே நோயின் பெயர். மேனேஜர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஹார்ட் பிராப்ளமாம்மா?" ஆமாம் சார் என்றேன். "முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

முன்னாடி எனக்குப் பெயர் தெரியாது சார்.

திங்கள் முதல் பில்லிங். உட்கார்ந்த வேலை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காட்டன் செக்‌ஷனில் கடைசி நாள். புடவை விரிப்பது எனக்குப் பிடிக்கும். கஸ்டமர் வாசலில் வரும்போதே என்ன கலர் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். பில்லிங்கில் பார்கோடு மட்டும்தான். இன்சென்டிவும் கிடையாது. மாசம் ஆயிரத்துச் சொச்சம் குறையும். அதில்தான் பாப்பாவின் ஹிந்தி டியூஷன்.

அக்கா சொன்னாள், "இடம் காலியாத்தான் இருக்கும், சரியாகி வா." சரியாகுமா? டாக்டர், சிலருக்குத் தானே குறையும், சிலருக்கு வருஷக்கணக்கில் இருக்கும் என்றார்.

ஃப்ளோர் அண்ணன் சாயங்காலம் வந்து ஸ்டூல் மேலிருந்த கட்டை அவரே எடுத்தார். எனக்காக இல்லை, நான்தான் போகிறேனே. புதிதாக வந்த பெண்ணிடம், "கால் வலிச்சா உட்காரும்மா" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்தாள். எனக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் பாதி போனது. பாதி இருக்கிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நேற்று பில்லிங்கில் 92, 95, 94. நாற்காலி. இரண்டு காலையும் தரையில் ஊன்றி உட்கார்ந்தேன். மத்தியானம் சோறு சாப்பிட்ட பிறகு 106. கண் வெளிச்சம் குறைந்திருக்கிறது.

இன்று லீவு. மாடிக்குத் துணி கொண்டுபோனேன். தொட்டி நிழலில் உட்காரவில்லை. பாதியில் நிறுத்தி மூச்சு விட்டேன், அவ்வளவுதான். அத்தை பின்னாலேயே வந்து மீதியைக் காயப்போட்டார். "எம் மருமகளுக்கு டாக்கிகாடியா" என்று மாடி வீட்டம்மாவிடம் சொல்கிறார். எந்த ஊர் கோயில் பெயரோ என்று அந்த அம்மா நினைத்திருப்பார். எனக்கு அது போதும். வெயில் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

நாளைக்கு ரிவ்யூ. ஃபைல் எடுத்துவைத்தேன். மறந்துவிடாமல் கேட்க:

மாத்திரை எத்தனை மாசம்? நிறுத்திப் பார்க்கலாமா?

மருதம்பட்டைக் கஷாயம் இதோடு சேர்த்துக் குடிக்கலாமா, கூடாதா?

காலையில் மட்டும் ஒரு டம்ளர் காபி.

நடைப்பயிற்சி எவ்வளவு? உட்கார்ந்து சைக்கிள் மிதிப்பது நல்லது என்று படித்தேன்.

மலைக்கோட்டை ஏறலாமா? பாப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தாயுமானவர் சன்னதிவரை போதும், உச்சிக்கு வேண்டாம். நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து.

அம்மாவுக்கும் இளம் வயசில் இப்படி அடித்ததாம், நேற்று போனில் சொன்னாள். அப்போது யாரும் பார்க்கவில்லை, "நான் பயந்தவன்னு சொல்லிட்டாங்க" என்றாள். பாப்பாவுக்கு வருமா? அவளுக்கு ஒரு ஈசிஜி எடுக்க வேண்டுமா? இதை முதலில் கேட்க வேண்டும்.

காரணம் இன்னும் தெரியவில்லை என்று டாக்டர் சொன்னால் தாங்கிக்கொள்வேன். அதைச் சொல்லத் தயங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

97.